அளவு கோடு போட்ட ஸ்ட்ரோ போத்தல்: ஓயாம தண்ணி கேக்கிற பிள்ளைக்கு வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடுறன், போத்தல் நல்ல போத்தல், வாங்கலாம். 480 மில்லி கொள்ளும், பக்கத்துல 50 மில்லிக்கு ஒரு கோடு, அமத்தினா திறக்கிற மூடி, உள்ளுக்க மடங்கிக் கிடக்கிற சிலிக்கன் ஸ்ட்ரோ, தோள்ல கொழுவ ஒரு பட்டி. திருகோணமலை மத்திய வீதியில பிள்ளைகள்ட சாமான் விக்கிற சின்னக் கடை ஒண்டுல வாங்கினது, பெரிய பிராண்ட் எண்டு ஒண்டும் இல்ல, ஆயிரத்து ஐநூறு ரூவாக்குள்ளதான். ஆனா நான் இவ்வளவு நீளமா எழுதுறது போத்தல்ட கலரையும் படத்தையும் பத்திச் சொல்ல இல்ல. ரெண்டு வயசுப் பிள்ளை ஓயாம தண்ணி கேட்டா அது வெயிலுக்கா, பழக்கத்துக்கா, இல்ல உடம்புக்குள்ள ஏதும் வருத்தமா எண்டு பிரிச்சுப் பாக்கிறதுக்கு இந்தக் கோடு எவ்வளவு உதவும், எந்த இடத்துல உதவவே உதவாது, அதைத்தான் சொல்ல வாறன்.

அதால இன்னொண்டையும் இப்பவே சொல்லணும். உங்கட பிள்ளை தண்ணியும் கூடக் குடிக்குது, சலமும் கூடப் போகுது, அதோட மெலியுது இல்லாட்டி சோந்து படுக்குது எண்டா இந்த ரிவியூவ இதோட விட்டிட்டு இண்டைக்கே கொண்டுபோய் ரத்தத்துல சீனி பாத்திடுங்க. போத்தல் வாங்கி ஒரு கிழமை அளந்து பாத்திட்டுப் போவம் எண்டு இருக்கிற விசயம் இல்ல அது. சத்தியும் மூச்சு வாங்கிறதும் சேந்திருந்தா நேரா ஆஸ்பத்திரிதான், ராத்திரி எண்டாலும்.

சரி, இப்ப எங்கட கதைக்கு வாறன். எங்கட மகளுக்கு ரெண்டு வயசு தாண்டிட்டு. வைகாசி பிறந்தா இங்க கச்சான் அடிக்கத் தொடங்கிடும் எண்டு திருகோணமலை ஆக்களுக்குத் தெரியும், தென்மேற்கால வாற அந்தக் காத்து மலையத் தாண்டி மழையெல்லாம் அங்கால கொட்டிட்டு எங்கட பக்கம் வெறும் சூடாத்தான் வரும், உதடு வெடிக்கும், காயப்போட்ட உடுப்பு கொஞ்ச நேரத்துல மொறுமொறு எண்டு நிக்கும். அந்த நேரம் பிள்ளை தண்ணி கேக்காட்டித்தான் யோசிக்கணும். ஆனா இவ கேக்கிறது கொஞ்சம் கூடத்தான் இருந்திச்சு. விளையாடிட்டு வந்து குடிப்பா, சாப்பிட முன்னம் குடிப்பா, சாப்பிட்டுட்டுக் குடிப்பா, கடைக்குக் கூட்டிக்கொண்டு போனா போற வழியெல்லாம் "தண்ணி, தண்ணி". மாமி சொன்னா, "வெயிலுக்குத்தானே பிள்ளை, குடிக்கட்டும், குடிக்கிற பிள்ளைய மறிக்காத". இவர்ட பெரியம்மா சொன்னா, "எங்கட குடும்பத்துல சீனி வருத்தம் இருக்கு, எதுக்கும் பாருங்க". எதிர்வீட்டு அக்கா சொன்னா அவட மகனும் இப்படித்தான் குடிச்சவன், இப்ப நல்லா இருக்கிறான் எண்டு. எல்லாரும் அக்கறையாத்தான் சொன்னாங்க. ஆனா ஒருத்தராலயும் சொல்ல ஏலாம இருந்தது பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறா எண்டுறதுதான். எனக்கும் தெரியாது, ஏனெண்டா வீட்டுல ஒரு கப், மாமி வீட்டுல ஒரு டம்ளர், வாகனத்துல ஒரு போத்தல், ஆளாளுக்கு ஊத்திக் குடுக்கிறது. கடைக்குப் போய் கோடு போட்ட போத்தலாப் பாத்துத் தேடினது அதுக்காகத்தான்.

போத்தலப் பத்தி. அடியில முக்கோணத்துக்குள்ள 5 எண்டு போட்டிருக்கு, அப்படியெண்டா பொலிபுரொப்பிலின், சுடுதண்ணி ஊத்திக் கழுவினாலும் தாங்கும், பீபீஏ (சில பிளாஸ்டிக்ல இருந்து சாப்பாட்டுக்குள்ள கசியிற ஒரு இரசாயனம்) கலக்காத பிளாஸ்டிக். வாங்கேக்க நீங்களும் தூக்கி அடியப் பாருங்க. 7 எண்டு இருந்தா அது "மத்த எல்லாம்" எண்டுற வகை, நல்லதும் இருக்கும், பீபீஏ இருக்கிற பொலிகாபனேட்டும் அதுக்குள்ளதான் வரும், வெளியில "பீபீஏ ப்ரீ" எண்டு தெளிவா இல்லாட்டி நான் எடுக்க மாட்டன். ஐரோப்பாவுல 2011லயும் அமெரிக்காவுல 2012லயும் பிள்ளைகள்ட பால் போத்தலுக்கு பீபீஏ பாவிக்கிறத நிப்பாட்டிட்டாங்க, எங்கட கடைகள்ல எது எங்க இருந்து வருது எண்டு ஆருக்குத் தெரியும், அதால நாங்கதான் பாத்து வாங்கணும்.

கோடு சரியா எண்டு பாக்க கேக் செய்யிற தராசுல வச்சு நிறுத்துப் பாத்தன். தண்ணி 100 கிராம் எண்டா 100 மில்லி, அதுல குழப்பம் இல்ல. 100க்கு மேல உள்ள கோடுகள் எல்லாம் கிட்டத்தட்டச் சரி, ஆனா ஆக அடியில இருக்கிற 50 கோடு பிழை, அடிப்பக்கம் உள்ளுக்குக் குழிஞ்சு வந்திருக்கிறதால அந்தக் கோட்டுக்கு 50 வராது, குறையத்தான் வரும். அதோட ஸ்ட்ரோவப் போட்டிட்டுப் பாத்தா தண்ணி மட்டம் கொஞ்சம் ஏறித் தெரியும், ஸ்ட்ரோவ எடுத்திட்டு, போத்தல மேசையில நேரா வச்சு, கண்ண அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து பாக்கணும். கையில தூக்கிப் பிடிச்சுப் பாத்தா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும். எங்கட தேவைக்கு இந்தச் சின்ன வித்தியாசம் பெரிசில்ல, டொக்டர் கேக்கிறது மில்லிக்கு மில்லிக் கணக்கில்ல, அரை லீட்டரா ஒண்டரை லீட்டரா மூணு லீட்டரா எண்டுறதுதான்.

நான் செய்தது இதுதான். காலமைல போத்தல 450 வரைக்கும் நிரப்பி, பிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டி, ஒவ்வொரு முறை நிரப்பேக்கயும் எழுதினது. வேற கப்புல தண்ணி குடுக்கிறதில்ல, மாமி வீட்டுக்கும் இதே போத்தல்தான் போகும். பால், தேத்தண்ணி, இளநீர், ஜூஸ், சூப், கஞ்சித் தண்ணி எல்லாம் பக்கத்துல தனியா எழுதணும், ஏனெண்டா உடம்புக்கு அதெல்லாம் தண்ணிதான், அத விட்டிட்டுத் தண்ணிய மட்டும் எழுதினா கணக்கு வராது. கொட்டினதையும் எழுதணும், இந்த வயசுல குடிக்கிறதுல பாதி சட்டையிலதான் போகும், ஒரு ஈரச் சட்டையப் பாத்து ஒரு மதிப்பில கழிச்சுவிட வேண்டியதுதான். இன்னொண்டு, எந்த நேரம் குடிச்சது எண்டும் எழுதுங்க, முக்கியமா ராத்திரி. டொக்டர் பேப்பரக் கையில எடுத்ததும் முதல் பாத்தது ராத்திரிக் கணக்கத்தான்.

எவ்வளவு குடிச்சா சரி? ஒரு வயசுல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு பால், சாப்பாட்டுல இருக்கிற தண்ணி எல்லாம் சேத்து நாளைக்கு 1.3 லீட்டர் மட்டில போதும் எண்டு அமெரிக்காவுல ஒரு பொதுக் கணக்கு வச்சிருக்கிறாங்க. ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்தேக்க பாக்கிற கணக்கு இன்னும் லேசு, ஹொலிடே, சீகர் எண்டு ரெண்டு பேர் 1957ல எழுதினது, இண்டைக்கும் அதத்தான் பாக்கிறாங்க: முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லி, அதுக்கு மேல 20 கிலோ வரைக்கும் கிலோவுக்கு 50 மில்லி. 12 கிலோப் பிள்ளை எண்டா 1000மும் 100ம், 1100 மில்லி. கச்சான் நேரம், ஓடி விளையாடுற பிள்ளை, காய்ச்சல் எண்டா இதுக்கு மேல கொஞ்சம் போகத்தான் செய்யும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்ல. ஆனா அந்த 12 கிலோப் பிள்ளை நாளைக்கு நாள் ரெண்டு லீட்டர் தாண்டுது, குடுக்காட்டி வெறி பிடிச்ச மாதிரி அழுகுது, குளிக்கிற வாளித் தண்ணியையும் அள்ளிக் குடிக்குது எண்டா அது வெயிலோட நிக்கிற கதை இல்ல.

குடிக்கிறது ஒரு பக்கம் எண்டா வெளியில போறது மற்றப் பக்கம், அதையும் சேத்துப் பாத்தாத்தான் படம் முழுசாகும். பம்பர்ஸ் கட்டுற பிள்ளை எண்டா அதுக்கும் அந்தக் கேக் தராசு போதும் (ஒரு பையில போட்டு நிறுங்க). புது பம்பர்ஸ் எவ்வளவு நிறை எண்டு முதல்ல பாத்து வச்சிட்டு, கழட்டினத நிறுத்து, அதுல இருந்து புதுசுட நிறையக் கழிச்சா ஒரு கிராமுக்கு ஒரு மில்லி சலம். ஆஸ்பத்திரி வாட்டுலயும் சின்னப்பிள்ளைகளுக்கு இப்படித்தான் கணக்கெடுக்கிறாங்க. நிறுக்க ஏலாட்டி பரவாயில்ல, ராத்திரி கட்டின பம்பர்ஸ் விடியேக்க தொங்கி வழிஞ்சு மெத்தையும் நனைஞ்சு கிடக்குதா, முந்தி அப்படி இல்லாம இப்ப புதுசா அப்படி ஆகுதா எண்டு பாருங்க. ராத்திரி நனைக்காம இருந்த பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கினாலும் அதே அர்த்தம்தான். சலத்திட நிறத்தையும் பாருங்க, காலமை முதல் போறது மஞ்சளா இருக்கிறது நல்லது, கிட்னி தண்ணியப் பிடிச்சு வைக்குது எண்டு காட்டும். நாள் முழுக்க, காலமையிலயும், பச்சத்தண்ணி மாதிரிப் போகுது எண்டா அதையும் டொக்டருக்குச் சொல்லுங்க.

டொக்டர்ட்டப் போனதையும் சொல்லணும், ஏனெண்டா இந்தப் போத்தல்ட உண்மையான பெறுமதி அங்கதான் தெரிஞ்சது. பின்னேரம் சனலிங் பாக்கிற பிள்ளைகள் டொக்டர் ஒருத்தர்ட்டத்தான் போனது, பேர் போடல, ஆனா மனசு நிறைஞ்ச நன்றி. நல்ல சனம், நிறைய நேரம் இருக்க வேண்டி வந்தது. உள்ளுக்குப் போனதும் பேப்பரக் குடுத்தன். வாசிச்சிட்டு, "அம்மா, இப்படி எழுதிக்கொண்டு வாறது குறைவு, கூடக் குடிக்குது எண்டுதான் எல்லாரும் சொல்லுவாங்க" எண்டார். பிறகு கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்வி. ராத்திரி தண்ணிக்காக நித்திரையில இருந்து எழும்புறாவா? பாலையும் தள்ளிட்டுத் தண்ணிதான் வேணும் எண்டுறாவா? நிறை குறைஞ்சதா? விளையாடுறாவா, இல்ல வந்து வந்து படுக்கிறாவா? கிளினிக் கொப்பி எங்க? நான் மிட்வைப் அக்கா நிறை போட்டுக் குடுக்கிற அந்தக் கொப்பியக் கொண்டு போயிருந்தன். வளர்ச்சிக் கோட்டுல புள்ளிய விரலால தடவிப் பாத்து, கோடு தன்ட பாதையில போகுது, விழல்ல எண்டார். அந்தக் கொப்பிய எல்லாரும் தடுப்பூசிக்கு மட்டும்தான் எடுக்கிறம், ஆனா இப்படி நேரத்துல மெலிஞ்சதா இல்லையா எண்டு சந்தேகம் இல்லாமச் சொல்லுறது அதுதான், எந்த டொக்டர்ட்டப் போனாலும் கொண்டு போங்க.

அதோட அந்த இடத்துலயே விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெசின்ல போட்டார். முதல்ல பிள்ளைட கையச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொன்னார், ஏனெண்டா மாம்பழம் தின்ட கையில சீனி ஒட்டியிருந்தா மெசின் கூடக் காட்டிடும். வீட்டுல பெரியாக்களுக்கு மெசின் வச்சிருக்கிறவங்க இத மறக்காதீங்க. வெறும் வயித்துல நாளைக்கு விடிய வாங்க எண்டு அனுப்பல்ல, தண்ணி விடாய் கூடின பிள்ளைக்கு அப்படிக் காத்துக்கொண்டு இருக்கிறது இல்லையாம், எந்த நேரம் பாத்தாலும் ஒரு டெசிலீட்டர் ரத்தத்துல சீனி 200 மில்லிகிராமுக்கு மேல, மற்ற யூனிட்டுல எண்டா 11.1க்கு மேல, இந்தக் குணங்குறியோட இருந்தா அதுவே போதும், அண்டைக்கே ஆஸ்பத்திரி. எங்கட மகளுக்குச் சரியா இருந்திச்சு. காலமைச் சலத்தையும் லேபுல குடுக்கச் சொன்னார், அதுவும் நல்லாச் செறிவா இருந்திச்சு, சீனி இல்ல. ராத்திரி எழும்பிக் குடிக்கிறதும் இல்ல. பேப்பர்ல இருந்த கணக்கும் வெயில் காலத்துக்கு அளவோடதான், பாத்தா எல்லாரும் மாறி மாறிக் குடுக்கிறதுதான் கூடத் தெரிஞ்சிருக்கு. அதோட மிக்சர், பக்கெட் பிஸ்கட், கருவாடு எண்டு உப்புச் சாமான் தின்னக் குடுக்கிறதையும் கேட்டார். மூணு வயசுக்குள்ள பிள்ளைக்கு எல்லாம் சேத்து நாளைக்கு 2 கிராம் உப்புக்கு மேல தேவையில்லையாம், ஒரு கை மிக்சரும் ஒரு துண்டு கருவாடும் எங்க கொண்டுபோய் விடும் எண்டு நீங்களே பாருங்க. அதக் குறைச்சதும் "தண்ணி, தண்ணி" பாதி குறைஞ்சிட்டு.

இப்ப ஏன் நான் இவ்வளவு பதகளிப்பட்டன் எண்டு சொல்லுறன். மூதூர்ல எங்கட சொந்தத்துல ஒரு பிள்ளை, இதே வயசுல, இப்படித்தான் தண்ணி கேக்கத் தொடங்கினது. எல்லாரும் வெயில் எண்டு நினைச்சாங்க, நினைக்கிறது இயல்புதானே. பிறகு மெலிஞ்சது, பல் முளைக்குது எண்டாங்க. பிறகு சத்தி எடுத்தது, வயித்துக் குழப்பம் எண்டு மருந்து குடுத்தாங்க. பிறகுதான் மூச்சு வேகமா ஆழமா வாங்கத் தொடங்கி, வாயில ஒரு மணம், கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணி மணம் மாதிரி, பிள்ளை கண் திறக்காமக் கிடக்க தூக்கிக்கொண்டு ஓடினது. சீனி அவ்வளவு ஏறிக் கிடந்தது. டைப் 1 சலரோகம். தாய் அழுதது என்ட காதுல இன்னும் நிக்குது, "நான் சொக்லேட் குடுத்ததாலயா?" எண்டு. இல்ல. நல்லா விளங்கிக்கொள்ளுங்க, இல்ல. டைப் 1 சீனி தின்டதால வாறது இல்ல, உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியே தவறுதலா கணையத்துல இன்சுலின் செய்யிற கலங்கள அழிக்கிறதால வாறது, தாயோ தகப்பனோ செய்த ஒண்டாலயும் இல்ல. எங்கட பெரியாக்களுக்கு நாப்பது அம்பது வயசுல வாற சீனி வருத்தமும் இதுவும் வேற வேற.

ஏன் தண்ணி விடாய் வருது எண்டா, இன்சுலின் இல்லாட்டி சீனி ரத்தத்துலயே தேங்கும், ஏறத்தாழ 180 மில்லிகிராம் தாண்டினா கிட்னியால பிடிச்சு வைக்க ஏலாம சலத்தோட வெளியில விடும், அந்தச் சீனி போகேக்க தண்ணியையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அதால சலம் கூட, அதால விடாய் கூட. பிள்ளை கூடக் குடிக்கிறதால சலம் கூடப் போகுது எண்டு நாங்க நினைப்பம், ஆனா நடக்கிறது தலைகீழ். சலத்துல எறும்பு மொய்க்குதா எண்டு அந்தக் காலத்து ஆக்கள் பாத்தது சும்மா இல்ல. சாப்பிட்டாலும் அந்தச் சீனி உடம்பின்ட கலங்களுக்குள்ள போகாததால கொழுப்பையும் தசையையும் உடைக்கத் தொடங்கும், பிள்ளை மெலியும், உடைச்சதுல வாற கீற்றோன் ரத்தத்தப் புளிக்க வைக்கும், அதுதான் அந்த மணமும் அந்த மூச்சும் சத்தியும் வயித்து நோவும். பெரியாக்களுக்கு வருசக்கணக்கா மெதுவா வாறது சின்னப்பிள்ளைக்குக் கொஞ்ச நாள்ல வந்து நிக்கும். அதுக்குச் சொல்லவும் தெரியாது, பம்பர்ஸ்ல கூடச் சலம் போறது கண்ணுக்குத் தெரியவும் மாட்டாது, அதாலதான் இந்த வயசுல பிந்திப் பிடிபடுறது கூட. பம்பர்ஸ் கட்டுற இடத்துல மருந்துக்கும் மாறாத சிவப்பும் புண்ணும் வந்தா அதையும் சேத்துச் சொல்லுங்க.

அந்தப் பிள்ளை இப்ப பாலர் பாடசாலைக்குப் போகுது, இன்சுலின் போடுறாங்க, நல்லா ஓடி விளையாடுது. 1922 ஜனவரியில டொரொண்டோவுல ஒரு 14 வயசுப் பெடியனுக்கு முதன்முதல் இன்சுலின் ஏத்தினதுக்கு முன்னம் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் தப்புறதே இல்லையாம். இப்ப மருந்து இருக்கு, எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியில காசும் இல்ல. நேரத்துக்குக் கொண்டு போறது மட்டும்தான் எங்கட வேலை.

சீனி சரியா இருந்தும் விடாய் நிக்காட்டி வேற காரணமும் இருக்கு. டயபிடிஸ் இன்சிபிடஸ் எண்டு ஒண்டு, சீனியோட சம்பந்தமே இல்ல, கிட்னிக்கு "தண்ணியப் பிடிச்சு வை" எண்டு மூளையில இருந்து போற ஹோர்மோன் குறைஞ்சாலோ, கிட்னி அதக் கேக்காட்டியோ வாறது. அரிதுதான். ஆனா அந்தப் பிள்ளை ராத்திரியும் எழும்பித் தண்ணி கேக்கும், பச்சத்தண்ணி மாதிரிச் சலம் போகும், சாப்பாட்டுல மனம் இருக்காது, நிறையும் ஏறாது. இதாலதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன், "கூடக் குடிக்குது, குறைப்பம்" எண்டு வீட்டுல தண்ணிய மறைச்சு வைக்காதீங்க. பழக்கத்துக்குக் குடிக்கிற பிள்ளை எண்டா சரி, ஆனா இந்த வருத்தம் உள்ள பிள்ளைக்குத் தண்ணிய மறிச்சா ரத்தத்துல உப்பு ஏறி ஆபத்தாப் போயிடும். தண்ணி குடுக்காமப் பாக்கிற ரெஸ்ட் ஒண்டு இருக்கு, அது வாட்டுல வச்சு நிறையும் ரத்தமும் பாத்துப் பாத்துச் செய்யிறது. கிட்னிப் பிரச்சினை, ரத்தத்துல கல்சியம் கூடுறது எண்டு இன்னும் சிலது இருக்கு, அதெல்லாம் டொக்டர் ரத்தம் எடுத்துப் பாப்பார்.

வயித்தால போய் விடாய்க்கிற பிள்ளைக்கு இந்தப் போத்தல் இன்னொரு விதத்துல கைகுடுக்கும். ஜீவனி (வயித்தால போனா கரைச்சுக் குடுக்கிற உப்பு, சீனிப் பவுடர்) பக்கெட் ஒண்ட ஒரு லீட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில முழுசாக் கரைக்கணும், அரைப் பக்கெட் அரை லீட்டர் எண்டு கண்மட்டத்துல பிரிச்சுக் கரைக்கிறது சரிவராது. கரைச்சத போத்தல்ல ஊத்திக் குடுத்தா எவ்வளவு உள்ளுக்குப் போச்சு எண்டு தெரியும். ஆனா அழேக்க கண்ணீர் இல்ல, கண் குழி விழுந்து கிடக்குது, ஆறேழு மணித்தியாலமா சலமே இல்ல, குடிக்கவும் ஏலாமச் சோந்து கிடக்குது எண்டா போத்தல வச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்கட பெரியாஸ்பத்திரியில இருபத்திநாலு மணித்தியாலமும் ஆள் இருக்கு, வாகனம் இல்லாட்டி 1990க்கு அடிங்க, அம்புலன்சுக்குக் காசு இல்ல.

ஆறு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளைக்கு இதுவும் வேணாம், வேற போத்தலும் வேணாம், அந்த வயசுல கச்சான் அடிச்சாலும் தாய்ப்பால்தான் தண்ணி. பச்சத்தண்ணி கூடப் போனா ரத்தத்துல உப்பு இறங்கி வலிப்புக் கூட வரலாம்.

இனிப் போத்தல்ட குறை. ஸ்ட்ரோதான் பெரிய தலையிடி. மூடிக்குள்ள மடங்குற இடத்துல ஒரு சின்ன வால்வு இருக்கு, தண்ணி சிந்தாம இருக்கத்தான் அது, ஆனா அதுக்குள்ள பால் போனா முடிஞ்சுது, கறுப்புப் புள்ளி புள்ளியாப் பூஞ்சணம் பிடிக்கும், வெளியில இருந்து பாத்தா தெரியாது. தண்ணியோ ஜீவனியோ மட்டும் ஊத்துங்க, பாலும் ஜூஸும் கப்புல குடுங்க. ஸ்ட்ரோ கழுவுற மெல்லிய பிரஸ் ஒண்டு தனியா வாங்கணும், போத்தலோட வாறது இல்ல. ஒவ்வொரு நாளும் மூடிய முழுசாக் கழட்டி வால்வ விரலால பிதுக்கிப் பாத்துக் கழுவிக் காய வைக்கணும், அதுக்குப் பொறுமை இல்லாட்டி சாதாரண அகல வாய்ப் போத்தல்தான் நல்லது. கடிக்கிற பிள்ளை எண்டா ஸ்ட்ரோ நுனி சீக்கிரம் கிழியும், கிழிஞ்ச துண்டு தொண்டைக்குள்ள போகும், அதக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க. கோடு அச்சடிச்சதுதான், குழிச்சுப் போட்டதில்ல, இரும்பு நாரால தேய்ச்சா அழியும், எங்கட போத்தல்ல இப்பவே 300 கோடு மங்கிப்போச்சு. பட்டிய நான் கழட்டி எடுத்திட்டன், கழுத்துல சுத்திக்கொண்டு ஓடுற வயசு இது.

வாகனத்துல வெயில்ல விட்டா தண்ணி சூடேறிடும், எவர்சில்வர் போத்தல் மாதிரிக் குளிர்மை நிக்காது. அதுக்காக எவர்சில்வர் வாங்கினா உள்ளுக்க எவ்வளவு இருக்கு எண்டு தெரியாது, அளக்கிறதுக்கு அது சரிவராது. சாதாரண நாளுக்கு எவர்சில்வர், ஒரு கிழமை மட்டில கணக்கெடுக்கத் தேவைப்பட்டா இது எண்டு வச்சிருக்கலாம். ஜூஸ் ஊத்திக் குடுக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல்லு, ஒண்டுல இருந்து மூணு வயசுக்கு நாளைக்கு 120 மில்லிக்கு மேல ஜூஸ் வேணாம் எண்டு அமெரிக்கப் பிள்ளைகள் டொக்டர்மார் 2017ல சொல்லிட்டாங்க, அதுவும் சீனி போடாத பழச்சாறு, பக்கெட்டுல வாறது இல்ல. இனிப்புத் தண்ணி ஊத்தின ஸ்ட்ரோ போத்தல நாள் முழுக்கக் கையில குடுத்தா பல்லும் போகும், இனிப்புக்காகவே பிள்ளை ஓயாம உறிஞ்சும், பிறகு அது விடாயா ஆசையா எண்டு உங்களுக்கும் பிடிபடாது.

அஞ்சுக்கு நாலு குடுப்பன், ஒண்டக் குறைக்கிறது அந்த வால்வுக்கும் அழியிற கோட்டுக்கும். மத்திய வீதிப் பக்கம் ரெண்டு மூணு கடையில இதே மாதிரி இருக்கு. கடும் நீலத்துலயும் ரோசாவுலயும் தண்ணி மட்டம் தெரியாது, தெளிவான வெள்ளையக் கேட்டு எடுங்க, அடியில 5 இருக்குதா எண்டு பாருங்க, மாத்து ஸ்ட்ரோ தனியாக் கிடைக்குமா எண்டு கேட்டிட்டுக் காசக் குடுங்க. நான் வாங்கின கடைத் தம்பி ஒரு மாத்து ஸ்ட்ரோவும் சேத்துத்தான் தந்தவர்.